போனை வைக்கத் தெரியாதவர்

அப்பாவுக்குப் போனை வைக்கத் தெரியாது. எதிர்முனையில் இருப்பவர் வைப்பதற்கு முன்னால் தான் வைத்துவிட்டால் அவமரியாதை என்று நினைக்கிற ஆள். "சரி, வச்சிரட்டுமா?" என்று மூன்று தடவை கேட்பார். அந்தப் பக்கம் "ம்" சொன்ன பிறகும் இரண்டு நொடி காதிலேயே வைத்திருப்பார், ஏதாவது சொல்ல மறந்திருந்தால் என்ன செய்வது என்று. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குத் தரைவழி போன் வந்தது 1994ல், பணம் கட்டிப் பல வருடம் காத்திருந்த பிறகு. அதற்கு அக்கா ஒரு பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள். மணி அடித்தால் அப்பா தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டுதான் எடுப்பார். போன் என்பது வீடு தேடி வந்த விருந்தாளி. விருந்தாளியைப் பாதிப் பேச்சில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார்களா?

அந்த மரியாதைக்கு 2022 ஆடி மாதத்தில் நாங்கள் கொடுத்த விலை 68,400 ரூபாய்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பாவின் செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது, ஆங்கிலத்தில். போன மாத மின்கட்டணம் கணக்கில் ஏறவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின்துறை அதிகாரியிடம் பேசவும். கீழே ஒரு பத்து இலக்க செல் நம்பர். அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க இதே வாசகம் சுற்றியது. இது நாங்கள் அனுப்புவதில்லை, நம்பாதீர்கள் என்று மின்வாரியமே அறிவித்தது. அது அப்பா கண்ணில் படவில்லை.

அந்தச் செய்தியை நான் பிறகு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். பொய் அதிலேயே பல்லிளித்துக்கொண்டு நிற்கிறது. "போன மாதக் கட்டணம்" என்றால் என்ன? எங்கள் ஊரில் வீட்டுக்கு ரீடிங் எடுக்க வருவதே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே. எழுதியவனுக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது, வேறெங்கோ செல்லுபடியானதை இங்கேயும் அனுப்பியிருக்கிறான். அப்புறம், இரவு ஒன்பதரைக்கு எந்த லைன்மேன் டார்ச் அடித்துக்கொண்டு வந்து பீஸைப் பிடுங்குகிறார்? எங்கள் தெருவில் பில் கட்டாத வீட்டுக்கு ஆள் வருவதென்றால் காலை பதினொரு மணிக்கு மேல், வடையும் டீயும் முடித்துவிட்டுத்தான் வருவார்.

அப்பா மீட்டர் அட்டையையும் ரசீதுகளையும் தேதி வாரியாகக் கிளிப் போட்டு வைத்திருப்பவர். அரசு அலுவலகம் ஒன்றில் 34 வருடம் கோப்புப் பார்த்தவர், கமா இடம் மாறியிருந்தால்கூடச் சிவப்பு மையால் வட்டம் போடுவார். அவர் கண்ணுக்கு "போன மாதம்" தப்பியது எப்படி? அதே செய்தியில் "ஆபீசர்" என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு மற்ற சொற்களை அவர் படிக்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

கூப்பிட்டார். எடுத்தவன் பாதி இந்தி பாதி ஆங்கிலத்தில் வாய்க்கு வாய் "சார்" போட்டுப் பேசினான். "ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாப் பேசலய்யா அவன்" என்று அப்பா பிற்பாடு சொன்னார், ஏதோ ஒரு நற்சான்றிதழ் கொடுப்பதுபோல. கணக்கைச் சரிபார்க்க ஒரு செயலியை இறக்கச் சொன்னான். தூரத்தில் இருப்பவர் நம் திரையை அப்படியே பார்ப்பதற்கான செயலி அது. செயலியில் குற்றமில்லை, என் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களும் அந்த மாதிரி ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். சோதனைக்குப் பத்தே பத்து ரூபாய் கட்டச் சொன்னான். அப்பா ஏடிஎம் கார்டின் எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் தட்டினார். தட்டியது அத்தனையும் அவன் கண்முன்னால் ஓடியது. பிறகு வந்த ஓடிபியை அவன் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் "ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்" என்கிற அறிவுரை அப்பாவுக்கு உதவவில்லை. அவர் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் தொகை போனதற்கான செய்தி திரையில் வந்தபோது அப்பா இன்னும் லைனில் இருந்தார். பார்த்துவிட்டார். கேட்கவும் செய்தார். "அது தானா திரும்பி வந்துரும் சார், லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க" என்றான் அவன். அப்பா கட் பண்ணவில்லை. இரண்டாவது தொகை போனது. மூன்றாவதும். முதல் செய்தி வந்ததற்கும் கடைசித் தொகை போனதற்கும் நடுவில் பதினெட்டு நிமிடம். அந்தப் பதினெட்டு நிமிடமும் அவருக்கு உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது. சிவப்பு பட்டனை அமுக்க விரல் வரவில்லை. "பேசிட்டு இருக்கிற ஆளை எப்படில வைக்கச் சொல்லுத?"

சரி, இதுவரை நடந்தது அப்பாவின் கதை. இதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு இருக்கிறது.

வியாழன் போனது ஞாயிறு மதியம்வரை எங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவர் தனியாக வங்கிக்குப் போய் வரிசையில் நின்று, முறை வந்ததும் பாஸ்புக்கைப் பதிந்து வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பியிருக்கிறார். சனிக்கிழமை நான் வழக்கம்போலக் கூப்பிட்டேன். "எல்லாம் நல்லாருக்கு" என்றார். பேப்பர் மடித்த மடிப்பிலேயே கிடப்பதைப் பார்த்து அம்மாதான் பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா பஸ் பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறார். அக்கா என்னை அழைத்துப் போனை அவரிடம் கொடுத்தாள். நான் சொன்ன முதல் வாக்கியம்: "எத்தன தடவப்பா சொல்றது உங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தால் நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

1930 என்ற எண்ணுக்கு அக்கா அப்போதுதான் போன் செய்தாள். அது நாடு முழுவதற்குமான சைபர் மோசடிப் புகார் எண், முன்பு 155260 என்று இருந்தது. எந்தக் கணக்கிலிருந்து போனது, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று நிதானமாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அந்த ஏற்பாடு வேலை செய்யும் விதம் தெரிந்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. பணம் போன கணக்குள்ள வங்கிக்கு உடனே தகவல் போகிறது. அங்கே மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைக்கிறார்கள். வேறு கணக்குக்குத் தாண்டியிருந்தால் தகவல் அடுத்த வங்கிக்குப் போகிறது. மோசடிக்காரர்கள் ஏழைகளிடம் சில ஆயிரம் கொடுத்து வாங்கிய வாடகைக் கணக்குகளை வைத்திருப்பார்கள். பணம் அதில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரிந்து பிரிந்து ஓடி ஏதோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாகிவிடும். ஆக இது ஓட்டப்பந்தயம். வியாழன் ராத்திரியே கூப்பிட்டிருந்தால் கணிசமாகப் பிடித்திருக்கலாம். நாங்கள் பந்தயம் முடிந்து மூன்று நாள் கழித்து மைதானத்துக்குப் போனோம். எங்கோ ஒரு கணக்கில் 4,100 ரூபாய் நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

வங்கியில் கேட்டால் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைக் காட்டினார்கள். கணக்கு வைத்திருப்பவரின் கவனக்குறைவால் போன பணத்துக்கு, அவர் வங்கியிடம் தெரிவிக்கும்வரை அவரே பொறுப்பு. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலும் எல்லாம் "தெரிவிக்கும்வரை" என்கிற ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. அப்பா தெரிவிக்காததற்குக் காரணம் நான். "அவன் ஏசுவாம்லா" என்றாராம் அக்காவிடம்.

அந்தப் போனை வாங்கிக் கொடுத்ததும் நானேதான். 2017 தீபாவளிக்கு வந்தபோது இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் "செட்" பண்ணினேன். என் மின்னஞ்சலைப் போட்டேன், பூட்டுக்கு அவர் பிறந்த வருடத்தை வைத்தேன், கேட்ட அனுமதிகளுக்கெல்லாம் சரி சரி என்று அமுக்கினேன், பென்ஷன் கணக்கையே யுபிஐயில் இணைத்தேன். பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் பின்னாடி சீட்டைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் ஓடுகிறோம். எனக்காக அப்பா அப்படி ஓடியிருக்கிறார், வண்டிமறிச்சியம்மன் கோயில் தெருவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. நான் அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

அதற்காக அப்பா பயமே இல்லாதவர் என்று நினைக்க வேண்டாம். போனை நினைத்து நிறையவே பயப்படுவார். இடி இடித்தால் அணைத்துவிடுவார். கதிர்வீச்சு என்று சட்டைப்பையில் வைக்க மாட்டார். இந்தியாவில் விற்கும் போன்களுக்கு உடல் ஏற்கும் கதிர்வீச்சில் கிலோவுக்கு 1.6 வாட் என்று 2012லிருந்தே உச்சவரம்பு இருக்கிறது என்று சொன்னால், "எழுதுறவன் எழுதுவான்" என்பார். 2007ல் நோக்கியா நிறுவனம் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தை மாற்றித் தருவதாக அறிவித்தபோது, எங்கள் தெருவில் பேட்டரியைக் கழற்றி எண்ணைச் சரிபார்த்த முதல் ஆள் அவர். எங்களுடையதில் ஒன்றுமில்லை. இன்றும் தலையணைக்கடியில் வைத்து சார்ஜ் போடவே மாட்டார், அதில் அவர் சொல்வது சரி; லித்தியம் பேட்டரிக்குச் சூடு வெளியேற வழி வேண்டும். ஆனால் உடம்புக்கு வரும் ஆபத்துக்குத்தான் அவரிடம் பயம் இருந்தது. "வணக்கம் சார்" என்று வரும் ஆபத்துக்கு இல்லை.

அம்மாவுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. அம்மாவின் போன் பட்டன் போன்தான், ஆனால் வீட்டிலேயே நல்ல பாதுகாப்பு ஏற்பாடு அவள்தான். தெரியாத நம்பரில் யார் கூப்பிட்டாலும் "யாரு பேசுறது? எந்தூரு? யாரு மகன்?" என்று வரிசையாகக் கேட்பாள். ஒன்றுக்குப் பதில் பிசகினாலும் "வைங்க போனை". லோன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண் அம்மாவிடம் தன் மாமியார் கொடுமையைச் சொல்லி அழுத வரலாறும் உண்டு. அது வேறு கதை.

அந்த வருடம் தீபாவளிக்கு நாங்கள் எல்லாரும் ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் பயிற்சி ஆரம்பித்தோம். அறிவுரை கிடையாது, ஒத்திகை. அக்கா மகள் அப்போது ஏழாம் வகுப்பு. மாடியிலிருந்து தாத்தாவைக் கூப்பிட்டு, "சார், பேங்க்லேருந்து பேசுறோம், உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்பாள். தாத்தா ஒன்றும் சொல்லாமல் வைக்க வேண்டும். முதல் தடவை, "அப்படியா, சரிங்கம்மா, நான் நாளைக்கு நேர்ல வாரேன், வச்சிரட்டுமா?" என்றார். பிள்ளை மாடியில் சிரித்துப் புரண்டது. ஏழெட்டு தடவைக்குப் பிறகு, "ராங் நம்பர்" என்று சொல்லி வைக்கப் பழகினார். சொல்லாமல் வைக்க இன்றுவரை அவரால் முடியவில்லை. போகட்டும்.

யுபிஐக்கு மட்டும் அவராகவே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் வேண்டாம், கொடுப்பதற்குத்தான் வேண்டும் என்று நான் மூன்று விதமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, "உண்டியல்ல காசு போட எவனும் சாவி கேக்க மாட்டான், சாவி கேட்டா எடுக்கப் போறான்னு அர்த்தம்" என்றார். இதைவிட நன்றாக நான் எங்கேயும் கேட்டதில்லை. பென்ஷன் கணக்கை யுபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, ஐயாயிரத்துக்கு மேல் இருக்காத தனிக் கணக்கு ஒன்றை இணைத்தோம். பிற்பாடு மத்திய தொலைத்தொடர்புத் துறை சஞ்சார் சாத்தி என்ற தளத்தைக் கொண்டுவந்தது. தொலைந்த போனை முடக்கலாம், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒருவர் பெயரில் ஒன்பதுவரைதான் இருக்கலாம் என்பது விதி. அப்பா பெயரில் மூன்று காட்டியது. மூன்றாவது யாருடையது என்று பதறிப் பார்த்தால், பல வருடமாக நான் பேசிக்கொண்டிருக்கும் நம்பர். கல்லூரிக் காலத்தில் அவர் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கியது. நான் ஏதாவது ஏடாகூடம் செய்திருந்தால் போலீஸ் வந்து அவர் கதவைத்தான் தட்டியிருக்கும்.

இந்த மரியாதைப் பிரச்சினை அப்பாவோடு முடிவதில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் 38 பேர். 2018ல், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் பதிவை அப்பா அதில் போட்டார். பொய் என்று எனக்குப் பார்த்ததுமே தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமாக்கள், சித்தப்பாக்கள் இருக்கிற குழுவில் அப்பாவை எப்படித் திருத்துவது? கைகூப்பிய படம் இரண்டு வந்தது, செய்தி அடுத்த குழுக்களுக்குப் போனது. அந்த மே மாதம், போளூர் பக்கம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்தார். அந்த நாட்களில் நாடெங்கும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, குழந்தைகள் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் பகுதியை மட்டும் யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி செய்தது. போளூர்ச் செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அப்பா தன் பதிவை அழிக்கப் பார்த்திருக்கிறார். நேரம் தாண்டிவிட்டதால் முடியவில்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

2024 கடைசியில் அப்பாவுக்கு இன்னொரு அழைப்பு வந்தது. வீடியோ கால். சீருடையில் ஒருவன், பின்னால் ஏதோ சின்னம். அப்பாவின் ஆதார் எண்ணில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம், அவரை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறார்களாம். அப்படி ஒரு கைதே சட்டத்தில் கிடையாது என்று அந்த அக்டோபரில் பிரதமர் வானொலியில் பேசியதை அப்பா கேட்டிருந்தார். அப்போதெல்லாம் யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஓடிய சைபர் மோசடி எச்சரிக்கையைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்ட ஆள் வேறு. இருந்தும் சீருடையைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டாராம். அம்மா பின்னாலிருந்து "யாரு, எந்தூரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பதினொரு நிமிடம் நின்றபடி கேட்டுவிட்டு, போனை வைத்தார். "ராங் நம்பர்" கூடச் சொல்லவில்லை.

உடனே என்னைக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். பிரதமர் சொன்னதையோ எங்கள் ஒத்திகையையோ சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "வீட்டுல யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னான். அதான் வச்சிட்டேன்" என்றார்.

அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. நிஜப் போலீஸாக இருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை கேட்டாராம் அம்மாவிடம். வைத்துப் பழகியதற்கும் விலை இருக்கிறது. போன கார்த்திகையில் தூத்துக்குடி அத்தை இறந்தபோது, அத்தை மகன் பதற்றத்தில் ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். தெரியாத நம்பர், அழுகிற குரல், "மாமா" என்கிறது. அப்பா வைத்துவிட்டார். மறுபடியும் வந்தது, மறுபடியும் வைத்தார். செய்தி அக்கா வழியாக வந்து சேர இரண்டு மணி நேரம் ஆனது. உடலை எடுத்த பிறகுதான் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். அத்தை மகனுக்கு இன்னும் வருத்தம்தான், எப்படி விளக்கினாலும் போகாத வருத்தம்.

அதற்குப் பிறகு அப்பா ஒரு புது முறை வைத்திருக்கிறார். தெரியாத நம்பரிலிருந்து சொந்தம் என்று யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேட்பார். போன மாதம் என் போன் சார்ஜ் தீர்ந்துபோய், தாம்பரம் ரயில் நிலையத்தில் நண்பன் போனிலிருந்து கூப்பிட்டேன்.

"அப்பா, நான்தான்பா."

"எம்மவன்னா, சொரிமுத்தையன் கோயில் ஆடி அமாவாசைக்குப் போனப்ப நீ ஆத்துல விட்டது என்ன?"

"செருப்பு."

"குடை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செருப்புதான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.